ஒன்றரைச் சுற்று

மழைக்காலத்தில் போர்வெல் வேலை குறையும். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று சுற்றிய ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுப் பட்டறைகளுக்கு வந்து நிற்கும். பாறையைக் குடையும் சுத்தியலைப் பார்க்கத்தான் அப்படியொரு பட்டறைக்குப் போனேன். பைப் மாட்டுகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை எழவில்லை.

ரிக்கில் அசைகிற இடத்தில் ரப்பர் ஹோஸ், அசையாத இடத்தில் ஸ்டீல் பைப். உள்ளே ஹைட்ராலிக் ஆயில் 150, 200 பார் அழுத்தத்தில் ஓடும். பைப்பை இணைக்க வெல்டிங் கிடையாது, பைப்பில் மரையும் வெட்டுவதில்லை. நட்டு, ஃபெரூல் வளையம், பாடி என்று மூன்றே சாமான்.

ஃபிட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். 12 மில்லி பைப்பை வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் அறுத்தார். உருளை வைத்த பைப் கட்டர் பக்கத்திலேயே கிடந்தது.

“அதுல அறுத்தா சீக்கிரம் முடியாதுங்களா?”

“முடியுமுங்க. ஆனா வாய் உள்ளார மடங்கிக்குமுங்க.”

உள்ளும் வெளியும் பிசிறு எடுத்தார், காற்றடித்தார், மரையில் ஆயில் தொட்டு வைத்தார். நட்டையும் ஃபெரூலையும் கோத்து, பைப்பை பாடிக்குள் முட்டும்வரை தள்ளி, நட்டைக் கையால் இறுக்கினார். இனி கைக்கு இறுகாது என்றதும் நட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. ஸ்பேனர் போட்டு ஒன்றரைச் சுற்று. அதோடு சரி.

எனக்காகக் கழற்றிக் காட்டினார். பாடியின் வாய் 24 டிகிரி கூம்பாக உள்ளே குறுகுகிறது. நட்டு தள்ளத் தள்ள, அந்தச் சரிவு ஃபெரூலை நெருக்குகிறது. பைப்பைவிடக் கடினமான அதன் கூர்விளிம்பு பைப்பின் தோலைக் கடித்து, முன்னால் மெல்லிய வரப்பு ஒன்றை உழுது எழுப்பியிருந்தது. நகம் வைத்தால் தட்டுப்படுகிறது. ஃபெரூலின் முகத்தில் 80 சதவீதத்தையாவது அந்த வரப்பு மூடியிருந்தால்தான் கடி சரி.

உதவிக்கு நின்ற பையன் வளையத்தைத் தொட்டுப் பார்த்துப் பதறினான்.

“அண்ணா, சுத்துதுங்கண்ணா!”

“சுத்துனாச் சுத்தட்டும் கண்ணு. முன்னபின்ன நகுருதான்னு பாரு.”

நகரவில்லை.

எங்கள் வீட்டு அடுப்புக்கு வரும் செப்புக் குழாயிலும் இந்தச் சாதிப் பித்தளை இணைப்புதான். ஒருமுறை கசிந்தபோது வந்தவர் மரை மேல் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றிப் பலம் கொண்டமட்டும் முறுக்கினார். சோப்புத் தண்ணீர் தடவினால் அப்போதும் குமிழி. அடைப்பது மரையல்ல, வளையம் என்பது அவருக்கும் தெரியவில்லை, பணம் கொடுத்த எனக்கும் தெரியவில்லை. இந்தப் பட்டறையில் அந்த டேப் பக்கமே யாரும் போகவில்லை.

இவர்களுக்குத் தலைவலி வேறு. ஒரே 12 மில்லி பைப்புக்கு ‘எல்’, ‘எஸ்’ என்று இரண்டு வரிசை: முன்னதற்கு 18 மில்லி மரை, கனமான பின்னதற்கு 20. வெளியூரில் வண்டி நிற்கும்போது கிடைத்ததை வாங்கப் போய் பொருந்தாமல் திரும்புவார்களாம். அதனால் டிரைவர் பெட்டியில் பழைய நட்டு ஒன்றை மாதிரிக்குப் போட்டுத்தான் அனுப்புகிறார் இவர்.

சாயங்காலம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பையன் இணைப்பைத் தடவக் கையை நீட்டினான்; ஃபிட்டர் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார். கிழிந்த அட்டைப்பெட்டித் துண்டொன்றை எடுத்து இணைப்பின் ஓரமாகக் காட்டினார். அட்டை நனையவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே முள் குத்தின அளவுதான் தெரியும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. அறுவைச் சிகிச்சை தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம். பட்டறைக்காரர்களே, டிராக்டர், ஜேசிபி வைத்திருப்பவர்களே, அப்படிக் குத்திவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.