நானும் ஒரு வில்லன்

கடந்த டிசம்பரில் எங்கள் பள்ளியின் கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்திற்கு மாணவியரைத் தேர்ந்தெடுத்தார்கள். வானதூதராக வரவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஆனால் என் குரலைக் கேட்ட சிஸ்டர், "நீதான் ஏரோது" என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பே சிரித்தது. எனக்கோ அழுகை வந்தது.

மறுத்துச் சொல்லத் துணிவின்றி நடித்தேன். ஒட்டு மீசையை முறுக்கி, "ஒரு குழந்தையும் மிஞ்சக் கூடாது!" என்று நான் கர்ஜித்தபோது அரங்கமே அமைதியானது. கைதட்டலும் கிடைத்தது. துன்பம் மறுநாள்தான் தொடங்கியது.

நான் தினமும் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் வருகிறேன். எங்கள் தெருவிலிருந்து முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தியும் தன் தாயாருடன் வருவாள். என் மடியில் அமர்ந்து, ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணில் படும் வரை கதை கேட்பது அவள் வழக்கம். அன்று என்னைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்து கொண்டாள். "அந்த அக்கா பிள்ளைங்களைக் கொல்றவங்க" என்றாள். மூன்று நாட்கள் என் மடி காலியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் இரவு பாட்டியிடம் புலம்பினேன். பாட்டி சிரித்தார்கள். "நம்பியார் வாங்கின ஏச்சுக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரம்!" என்று தொடங்கினார்கள்.

1965-இல் வெளிவந்த 'எங்க வீட்டுப் பிள்ளை' எங்கள் ஊர்ப் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது பாட்டிக்குப் பதின்மூன்று வயதிருக்குமாம். மணல் தரையில் அமர்ந்து பார்த்தார்களாம். அப்பாவி எம்.ஜி.ஆரை நம்பியார் சவுக்கால் அடித்தபோது பொறுக்க முடியாமல், இரு கை மண்ணை வாரித் திரையை நோக்கித் தூற்றி, "நீ நாசமாப் போவே!" என்று சபித்து விட்டார்களாம்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு கார்த்திகையில் பாட்டியின் அண்ணன் சபரிமலைக்கு மாலை அணிந்தார். உடன் வந்தவர்கள் நம்பியாரைக் "குருசாமி" என்று கைகூப்பிப் பேசினார்கள். புலால் உண்ணாதவர், மதுவோ புகையோ தொடாதவர் என்றார்கள். பாட்டிக்கு நாணமாகி விட்டது. "முகத்தைப் பாத்து மண்ணை வாரித் தூத்திட்டேனே" என்று இன்றும் வருந்துகிறார்கள்.

பிறகு நானும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1919-இல் கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியில் பிறந்த எம்.என். நம்பியார், சிறு வயதிலேயே நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1935-இல் 'பக்த ராமதாஸ்' படத்தில் அறிமுகமானார். 1950-இல் 'திகம்பர சாமியார்' படத்தில் பல மாறுவேடங்களில் வந்த கதாநாயகனே அவர்தான்! அதே ஆண்டு 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவாகச் சூழ்ச்சி செய்தார். 'ஆயிரத்தில் ஒருவ'னில் கடற்கொள்ளைத் தலைவன். 1982-இல் 'தூறல் நின்னு போச்சு' படத்தில் நல்லவராக வந்து அனைவரையும் வியக்க வைத்தார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சபரிமலை சென்று வந்த அவர், 2008 நவம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். தீயவராக நடிக்கத் தீயவராக இருக்க வேண்டியதில்லை. நன்றாக உழைத்தால் போதும் என்று புரிந்தது.

மறுநாள் ஒட்டு மீசையைப் பையில் எடுத்துச் சென்றேன். பேருந்தில் அச்சிறுமி பார்க்கும்படி ஒட்டினேன், எடுத்தேன், மீண்டும் ஒட்டினேன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துப் பேருந்து குலுங்க, மீசை கீழே விழுந்து காணாமற் போயிற்று!

எங்கள் நடத்துநர் எப்போதும் கடுகடுவென்றிருப்பார். அவரைக் கண்டாலே எனக்கு நடுக்கம். அவர்தான் குனிந்து, இருக்கைகளுக்கடியில் தேடி, மீசையைத் தூசி தட்டிக் கொடுத்தார். "உன் மீசையா, பாப்பா?" என்று அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளாக நானும் ஒருவர் மீது மனத்துக்குள் மண்ணை வாரித் தூற்றிக் கொண்டிருந்திருக்கிறேன்!

சிறுமி மெல்ல வந்து மீசையை வாங்கித் தன் முகத்தில் வைத்துக் கொண்டாள். "இப்ப நான்தான் ஏரோது!" என்று உறுமினாள். பிறகு என் மடியில் ஏறி அமர்ந்தாள்.

இந்த ஆண்டும் எனக்கு வில்லன் வேடமே கிடைக்கலாம். இம்முறை நான் அழ மாட்டேன்.