தண்ணீர் இல்லாத கண்மாயில் தூண்டில்

போன மாதம் பாரிஸிலிருந்து பள்ளித் தோழன் போன் செய்தான். "டேய், மார்ச்சுல வரேன். அந்தமான்ல பேஷ் ஆ லா மூஷ். நீயும் வரே."

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'பேஷ்' என்ற சொல்லுக்கே வகுப்பு சிரிக்கும். மீன்பிடிப்பு என்று பொருள். 'மூஷ்' என்றால் ஈ. இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய் இரையை வைத்துப் பிடிப்பது. கடலில் அதை ஈ போல அல்ல, சிறு மீன் போலவோ இறால் போலவோ கட்டுவார்களாம். இரைக்கு எடையே கிடையாது, எடை நூலில்தான். அதைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீசித்தான் இரையைக் கொண்டு சேர்க்கவேண்டும்.

நாற்பது வருடம் தபால் இலாகாவில் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். உடனே ஒரு கோப்பு திறந்துவிட்டேன்.

முதலில் இடம். தூத்துக்குடிப் பக்கமே போகலாமே, மல்லாங்கிணற்றிலிருந்து காரில் போய்விடலாம் என்றேன். ஆனால் இந்தத் தூண்டிலுக்குத் தோதான ஆழமில்லாத கடல், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித்தான். அது தேசியப் பூங்கா. தூண்டில் போட முடியாது. அந்தமானிலும் வண்டூர் பக்கம் 1983 முதல் கடல் பூங்கா இருக்கிறது. அதனால் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று அறிந்த படகு வழிகாட்டி அவசியம்.

அடுத்து நாள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏற்றமும் இறக்கமும் அதிகம். அஷ்டமி, நவமியை ஒட்டிக் குறைவு. கல்யாணத்துக்குப் பார்த்த பஞ்சாங்கத்தை முதல்முறையாக மீனுக்குப் பார்த்தேன்.

மீன், பாறை. அதில் பெரிய வகை ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரும். அதற்குப் பன்னிரண்டாம் எண் கோல் வேண்டும். வழிகாட்டி மீனைக் கண்டதும் கடிகாரக் கணக்கில் சொல்வாராம். படகின் முன் அணியம் பன்னிரண்டு மணி. "பத்து மணிக்கு, ஐம்பது அடி" என்றால் அங்கே வீசவேண்டும். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.

"பிடிச்ச மீனை விடுறதுக்கா இம்புட்டுச் செலவு?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

காரணம் வேறு. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். அவன் அப்பா கொடுத்தார்; என் அப்பா கொடுக்கவில்லை. அவன் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனான். நான் தபால் முத்திரை குத்தினேன். ஒருநாள், சம்பளம் போதாத எரிச்சலில், "பென்ஷனுக்காக நாட்டை விற்றவர் உன் அப்பா" என்று அவனுக்கு எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. சில வருடம் கழித்து அவன் அப்பா இறந்த செய்தி மட்டும் வந்தது. பிறகு கல்யாணம், கருமாதி என்று நான்கு முறை பார்த்திருப்போம். அந்தக் கடிதத்தைப் பற்றி அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இப்போது அவனுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். "அடுத்த வருஷம்னு சொல்லாதேடா" என்றான். படகில் நாள் முழுக்க இரண்டு பேர். எழுந்து போக இடமில்லை.

அவன் கொடுத்தனுப்பிய பழைய கோலை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் காய்ந்து கிடக்கும் கண்மாய்க்குப் போகிறேன். முதல் நாள் நூல் சீமைக்கருவேல முள்ளில் மாட்டியது. ஆடு மேய்க்கும் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, தண்ணியே இல்லையே, என்ன மீன் பிடிக்கிறீங்க?"

"பழகிக்கிறேன்யா" என்றேன்.

படகுக்கு முன்பணம் கட்டியாயிற்று; விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இப்போது முப்பது அடி போகிறது. இன்னும் இருபது அடி பாக்கி. அந்தக் கடிதத்தைப் பற்றி எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதையும் அங்கேதான் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். பிரெஞ்சில் வேண்டாம், தமிழிலேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.