கமானில் இல்லை குறை, நான் ஏற்றிய சுமையில்!

'வேனில் காய்கறி ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது. கூடுதலாகக் கமான் பட்டை போடலாமா?' என்று ஒரு வாசகர் நம் கேள்வி-பதில் பகுதியில் கேட்டிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை, 11 தேனீக் குடும்பங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அரை ஏக்கர் தென்னையும், 48 தேனீப் பெட்டிகளும்தான் பிழைப்பு. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரை எங்களுக்கு முக்கியமான சீசன். ரப்பரில் தேன் பூவில் சுரப்பதில்லை. இளம் இலையின் காம்பு நுனியில் சுரக்கும். அதனால் பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், நானும் என் மனைவியும் அங்கேயே தங்குவோம்.

இதற்காகவே பழைய வேன் ஒன்றை வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று, இருக்கைகளைக் கழற்றினேன். பெட்டி அடுக்க இரும்புத் தட்டு, படுக்கப் பலகை, ஒரு அடுப்பு, கடைசியில் பின்கதவை ஒட்டி 200 லிட்டர் தண்ணீர் டிரம். எங்களுக்கு அது வண்டி மட்டுமல்ல, மூன்று மாத வீடு.

இரண்டு வருடத்தில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. வில் போல வளைந்திருக்க வேண்டிய கமான், சட்டம் போல நேராகிவிட்டது. இரவில் போனால் முகப்பு விளக்கு ரப்பர் மர உச்சியைக் காட்டும். எதிரே வருகிறவர்கள் கண் கூசித் திட்டுவார்கள். ஸ்டியரிங் லேசாகி, முன்சக்கரம் தரையில் பதியாதது போல இருக்கும்.

ஒரு பட்டறையில் காட்டினேன். "ரெண்டு பட்டை கூடப் போட்டா சரியாயிரும்" என்றார்கள். போட்டதும் வண்டி மூன்று அங்குலம் எழும்பி நின்றது. எனக்குச் சந்தோஷம். மனைவிக்குத்தான் முட்டுவலி, "ஏறி இறங்க முடியல. ஒண்ணு வண்டியத் தாழ்த்துங்க, இல்லன்னா ஏணி வாங்கித் தாங்க" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

அந்த ஜனவரியில் வழக்கம்போல இரவில் வாசலை அடைத்துப் பெட்டிகளை ஏற்றினேன். கமான் விறைத்துப்போயிருந்ததால், ஒவ்வொரு பள்ளத்திலும் அடி நேராகப் பெட்டிக்குப் போனது. விடிந்து திறந்தால், கடைசி இரண்டு வரிசையில் அடைகள் அறுந்து விழுந்து, தேனில் ஈக்கள் மூழ்கிக் கிடந்தன. சில பெட்டிகளில் ராணியே நசுங்கியிருந்தது. எறும்பு ஏறியது, மிஞ்சியவை கூட்டை விட்டு ஓடின. அன்று போனது 11 குடும்பங்கள். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வண்டியைத் தாழ்த்தியே ஆக வேண்டும் என்று கிளம்பினேன். ஒருவர், ஆக்சிலுக்கும் கமானுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து இறக்கித் தருவதாகச் சொன்னார். ஆனால், அப்படிச் செய்தால் ஆக்சில் மேலே முட்டாமல் தடுக்கும் ரப்பருக்கு இடைவெளி குறைந்துவிடும். பள்ளத்தில் இடிக்கும். பழைய கதைதான்.

கடைசியில் கமான் வேலையிலேயே நரைத்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. "வண்டியப் பொறவு பாப்போம் தம்பி. நீ என்னத்த ஏத்துற, எங்க வைக்கிற, அத மொதல்ல சொல்லு. எடை மேடைக்குப் போயிட்டு வா" என்றார்.

சுமையோடு முழு வண்டியை ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை எடை போட்டேன். ஆர்.சி.யோடு ஒப்பிட்டால், மொத்த எடை வரம்புக்குள். பின் ஆக்சிலில் மட்டும் 150 கிலோ கூடுதல்!

காரணம் அந்த டிரம். அது பின் ஆக்சிலுக்கு மூன்று அடி பின்னால் இருந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி எட்டு அடி. ஏற்றத் துலா மாதிரிதான் கணக்கு: 200 கிலோ தண்ணீர் அங்கே இருந்தால் பின் ஆக்சிலில் 275 கிலோ இறங்கும், முன்சக்கரத்தில் 75 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசானதும் விளக்கு வானம் பார்த்ததும் இதனால்தான். இத்தனைக்கும், போகிற தோட்டத்தில் கிணறு இருக்கிறது!

இப்போது டிரம்மைக் காலியாகக் கொண்டுபோகிறோம். வழிக்கு இரண்டு 20 லிட்டர் கேன், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். பெரியவர் கூடுதல் பட்டைகளைக் கழற்றினார். தளர்ந்த பழைய பட்டைகளுக்குப் பதில் அந்த வண்டிக்கே உரிய புதுச் செட் போட்டார். தேய்ந்த புஷ், செத்துப்போன ஷாக் அப்சார்பர், யு போல்ட் எல்லாம் மாற்றினார். "200 கிலோமீட்டர் ஓடினதும் வா, யு போல்ட்டைத் திரும்ப முடுக்கணும்" என்றார். வண்டி இரண்டு அங்குலம் தாழ்ந்து, மட்டமாக நிற்கிறது. மனைவி ஏணி கேட்பதில்லை. அடுத்த ஜனவரியில் மிச்சமிருந்த 37 பெட்டிகளும் ஒரு அடைகூட அறுபடாமல் போய்ச் சேர்ந்தன.

கேள்வி கேட்ட நண்பருக்கு நான் சொல்வது இதுதான். சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். காலியாக ஒருமுறை, சுமையோடு ஒருமுறை. காலியாக இருக்கும்போதே தாழ்ந்திருந்தால் கமான் தளர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் பட்டை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். காலியாகச் சரியாக நின்று, சுமையில் மட்டும் அதிகம் தாழ்ந்தால், குறை நீங்கள் ஏற்றுவதில் இருக்கிறது. அளக்கும்போது வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

கூடுதல் பட்டை வண்டியைத் தூக்கிக் காட்டும், சுமையைக் குறைக்காது. டயரும் பிரேக்கும் ஆக்சிலும் அதே எடையைத்தான் சுமக்கின்றன. அதிக பாரம் பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். எடை மேடையில் நான் கொடுத்ததோ, இரண்டு டீ குடிக்கிற காசு. அதை முதலிலேயே கொடுத்திருந்தால், அந்த 11 பெட்டிகளும் இன்று தென்னந்தோப்பில் இரைந்துகொண்டிருக்கும்.