இருபத்தைந்தாம் நாள்

போன தடவை பன்னிரண்டு வாத்து முட்டையில் நாலு குஞ்சுதான் வந்தது. மீதியைப் பிரித்துப் பார்த்தால், முழுசா வளர்ந்த குஞ்சுகள் உள்ளேயே செத்துக் கிடந்தன. ரெண்டு நாள் மனசே சரியில்லை.

இன்குபேட்டரில் சூடு 37.5 டிகிரி, சரிதான். தப்பு ஈரப்பதத்தில். வாத்துதானே, ஈரம் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே தண்ணீரை நிரப்பி வைத்திருந்தேன். அடையில் இருக்கும் 28 நாளில் முட்டையின் நீர் கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகி எடை குறைய வேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சு இழுப்பதே அந்த அறையில்தான்.

இந்த முறை 55 சதவீதம். வாராவாரம் டார்ச் அடித்து, காற்றறை விளிம்பில் பென்சில் கோடு போட்டேன். அடைமழை நாட்களில் தண்ணீர்க் கிண்ணத்தையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது. 25ஆம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி 75க்கு ஏற்றினேன். இனி மூடியைத் திறக்கக் கூடாது. உள்சவ்வு காய்ந்தால் குஞ்சைத் திரும்ப விடாமல் ஒட்டிக்கொள்ளும்.

கோழியை அடைக்கு வைத்து வாத்து முட்டை பொரிக்கும்போது, கடைசி நாட்களில் அம்மா ஈரக்கையால் முட்டைமேல் தண்ணீர் தெளிப்பார். ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

நேற்று ராத்திரி முதல் விரிசல். மூடிமேல் காதை வைத்தேன், உள்ளே கீச்சுக்குரல்.