வீடே தேர்வுக்கூடமானபோது

தேர்வு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு நீண்ட கூடம். வரிசையாகப் போடப்பட்ட மேசைகள். அவற்றினூடே ஓசையின்றி நடந்து செல்லும் கண்காணிப்பாளர். கல்லூரியில் வேதியியல் கற்பித்த முப்பத்தோர் ஆண்டுகளில் அந்த நடையை நானும் நடந்திருக்கிறேன். சட்டைக் கையில் 'பிட்' மறைத்து வந்தோரைக் கண்டதுண்டு. விடை தெரியாத வினாவை வெறுமையாக விட்டுவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறியோரையும் கண்டதுண்டு. பின்னவர்களே என் நினைவில் நிலைத்திருக்கிறார்கள்.

அந்தக் கூடம் ஒருநாள் நம் வீடுகளுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது, கல்லூரிகள் மூடப்பட்டன. இறுதியாண்டு மாணவருக்குத் தேர்வு நடத்தியே ஆகவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஜூலையில் அறிவித்தது. ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. செப்டம்பரில் தமிழகத்தில் அத்தேர்வுகள் பெரும்பாலும் இணையவழியில் நடந்தேறின. வினாத்தாள் கைப்பேசிக்கு வரும். வெள்ளைத்தாளில் விடை எழுதிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எழுதுகின்ற கையை எவரும் காண்பதில்லை.

அந்த விடைத்தாள்களில் ஒரு கட்டு திருத்துவதற்காக என்னிடம் வந்தது. கரைசலின் உறைநிலைத் தாழ்வு பற்றிய கணக்கு ஒன்று அதில் இருந்தது. நீருக்குரிய மாறிலி 1.86. ஒரு மாணவர் 1.68 என்று எழுதியிருந்தார். இலக்கங்கள் இடம் மாறுவது மனித இயல்பே. ஆனால் அடுத்தடுத்து வந்த பதினான்கு தாள்களிலும் அதே 1.68! இன்னொரு தாளில், படத்தைப் பெரிதாகக் காண இங்கே அழுத்துக என்னும் பொருள்பட்ட ஆங்கில வரி, அழகிய கையெழுத்தில், அடிக்கோடும் இடப்பட்டு, விடையின் நடுவே வீற்றிருந்தது. எதைப் பார்த்து எழுதுகிறோம் என்பதைப் படிக்காமலேயே எழுதியிருந்தார். உரியவர்களுக்குத் தெரிவித்தேன். நெருக்கடியான நேரம், கண்டுகொள்ள வேண்டாம் என்று பதில் வந்தது.

அதே செப்டம்பரில் என் தங்கையின் மகளும் இறுதித் தேர்வு எழுதினாள். அவளுடைய வாப்பா சவூதியில் பணிபுரிகிறார். எதிர்வீட்டில் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் உண்டு. "பிள்ளை பக்கத்தில் நான் உட்காரட்டுமா? இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். தங்கை அவரை அன்போடு அனுப்பிவிட்டு, அறைக்கதவைச் சாத்தி, வெளியே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டாள். தொலைபேசியில் விசாரித்த என்னிடம், "காக்கா, நீங்கள் கல்லூரியில் செய்த வேலையைத்தான் நான் இங்கே செய்கிறேன்" என்றாள்.

முடிவு வந்தது. மகள் தேறியிருந்தாள். ஆனால் எப்போதும் வகுப்பில் முன்வரிசையில் நின்றவளை இருபது பேருக்கு மேல் முந்தியிருந்தார்கள். "மாமா, நான் ஏமாந்துவிட்டேனா?" என்று கேட்டாள்.

நேர்மைக்கு நன்மை தானே வந்து சேரும் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அவ்வாறு சொல்லவில்லை. அவள் இழந்தது உண்மையான இழப்பு. காப்பியடித்தல் யாருக்கும் தீங்கற்ற சிறு குறும்பு என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டியது இதனையே. திருடப்படுவது புத்தகத்தின் வரி அன்று; உழைத்துப் படித்த இன்னொரு பிள்ளையின் இடம். "ஏமாற்றப்பட்டாய் மகளே, ஏமாறவில்லை" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்ததா என்பதை அறியேன்.

கண்காணிப்பைப் பெருக்கினால் தீருமா? 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் காமிராவும் கணினியும் கண்காணிக்கும் தேர்வை நடத்தியது. முறைகேட்டு ஐயத்தால் ஏராளமான மாணவரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. நேர்மையாக எழுதினோம் என்று பலர் முறையிட்டனர். மே மாதத்தில் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. கண் விலகினாலும் வீட்டார் குறுக்கே நடந்தாலும் ஐயப்படும் இயந்திரம், ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டை எப்படி அறியும்? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் காமிராவால் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் 'சாட் ஜிபிடி' வெளிவந்தது. இப்போது பார்த்து எழுதவும் வேண்டியதில்லை. கேட்டால் கட்டுரையே வந்துவிடுகிறது. அதை உருவாக்கிய நிறுவனம், இயந்திரம் எழுதியதைக் கண்டறிய ஒரு கருவியையும் வெளியிட்டது. துல்லியம் குறைவென்று 2023 ஜூலையில் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. பூட்டு செய்தவரே சாவியைத் தொலைத்த கதைதான்!

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி ஆண்டுகளில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வீட்டிலிருந்து எழுதி வந்த ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் ஐந்து நிமிட நேர்முகம். "இந்த வரியை விளக்கு, இந்த எண் எங்கிருந்து வந்தது?" இரண்டே வினாக்கள். சிலருக்கு வேர்த்தது; சிலருக்கு முகம் மலர்ந்தது. ஒரே வினாவில் ஒவ்வொருவருக்கும் வேறு எண்களைக் கொடுப்பதும் உதவியது. ஆசிரியருக்கு வேலை கூடும்; ஆயினும் ஐயப்படுவதைவிடக் கேட்டறிவது இருவருக்கும் கண்ணியம்.

எனினும், ஆசிரியரின் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. அது வீடு. முன்பு தேர்வுக்கூடத்தின் வாயிலோடு பெற்றோரின் பணி முடிந்துவிடும். இணையவழித் தேர்வு அந்த வாயிலை நம் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. அங்கே நாம் கண்காணிப்பாளர், அல்லது உடந்தை. நடுவே நின்றுகொள்ள இடமில்லை.

பட்டம் என்பது ஓர் அமானிதம். நாளை அந்த மருத்துவரிடம் உடலை ஒப்படைப்பவரும், அந்தப் பொறியாளர் கட்டிய பாலத்தில் நடப்பவரும், அந்த ஆசிரியரிடம் பிள்ளையை அனுப்புபவரும் அவரது விடைத்தாளைக் காணப் போவதில்லை, நம்பித்தான் வருவார்கள். ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை மதிப்பெண்ணோடு வந்தால், எத்தனை என்று கேட்கும் முன் "உன் கணக்கை எனக்கும் கொஞ்சம் விளக்கிச் சொல்" என்று கேளுங்கள். நமக்குப் புரியாவிட்டாலும் பாதகமில்லை. சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.