உள் ஓரம் தேய்ந்த டயர்

காரைத் தாழ்த்தி ஓட்டுவது என்று ஒரு ஆசை இப்போது நம் காரைக்கால் பையன்களையும் பிடித்திருக்கிறது. என் தங்கையின் பேரன், ஏற்கெனவே தாழ்த்தியிருந்த ஒரு பழைய ஸ்விஃப்டை வாங்கி வந்தான். ஸ்பிரிங்கை மாற்றி 40 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார்கள். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. இந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். 40 போனால் 123. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட வேகத்தடையின் உயரமே 100 மில்லிமீட்டர். திருநள்ளாற்றில் விதிப்படி போட்ட வேகத்தடை எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் வண்டி இன்னும் இறங்கும்.

அடிப்பாகம் தட்டினால் சத்தம் கேட்கும், தெரிந்துவிடும். டயர் தேய்வது அப்படியல்ல. வேலையில் இருந்த காலத்தில் அரசு ஜீப்புகளின் டயர் கோப்புகள் என் மேஜைக்கு வரும். எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்தப் பக்கம் தேய்ந்தது என்று எழுதிப் பழகிய கை. அந்தப் பழக்கத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லி, குனிந்து முன் டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம் புதிது போல இருக்கிறது. உள் ஓரத்தில் ரப்பர் போய் கம்பி விரலில் குத்துகிறது. இந்தக் காரில்தான் மாதாமாதம் என் தங்கையை ஜிப்மருக்குக் கூட்டிப் போகிறான். ஒரு வழிக்கே 130 கிலோமீட்டர் போல.

“தாத்தா, கேம்பர் பிளேட் போட்டா சரியாயிடுமாம். கடையில சொன்னாங்க” என்றான். பின்பக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஆர்ம் ஒன்றையும் செல்போனில் காட்டினான்.

மூன்று கோணங்கள் இருக்கின்றன. சக்கரத்தின் தலை உள்ளே சாய்வதும் வெளியே சாய்வதும் கேம்பர். ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்வது காஸ்டர். மேலிருந்து பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்குகின்றனவா, விலகுகின்றனவா என்பது டோ. பிரெஞ்சில் இவற்றைக் கரோசாஜ், ஷாஸ், பேன்ஸ்மான் என்பார்கள். பேன்ஸ்மான் என்றால் கிள்ளுவது, சக்கரங்களின் முன்பக்கத்தைச் சேர்த்துக் கிள்ளிப் பிடித்தது போல. எனக்கு அந்தச் சொல்லில்தான் விஷயம் விளங்கிற்று.

காரைத் தாழ்த்தினால் முன் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. டை ராடின் கோணமும் மாறுவதால் டோவும் கெடுகிறது. டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் இந்த டோதான். அதைச் சரிசெய்யப் புதிய பார்ட் எதுவும் வேண்டாம், டை ராடைத் திருகினால் போதும். கடைக்காரர் இதைச் சொல்லவேயில்லை. சொன்னால் அவருக்கு என்ன விற்கும்!

பின்பக்க ஆர்ம் விஷயம் இன்னும் வேடிக்கை. அது பின் சக்கரங்களுக்குத் தனித்தனி ஆர்ம் உள்ள கார்களுக்கானது. ஸ்விஃப்டின் பின்பக்கம் ஒரே டார்ஷன் பீம். அதில் மாட்ட இடமே கிடையாது. தேவைப்பட்டால் ஹப்புக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துத்தான் திருத்தலாம். கேம்பர் பிளேட்டோ ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பரை எடுத்துவிட்டு இரும்பை வைப்பது. இருங்காட்டுக்கோட்டை பந்தய மைதானத்துக்குச் சரி. முட்டிவலிக்காரி உட்கார்ந்து போகும் வண்டிக்கு, ஒவ்வொரு பள்ளமும் நேரே உடம்பில் இறங்கும்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல பார்ட் கம்பெனியின் பழைய ஸ்பிரிங்தான் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சட்டத்தையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அதன் மேல் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. தயாரிப்பாளர் கொடுத்த மூல அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. “ஆர்.சி.யில ஸ்பிரிங் உயரம்னு ஒரு காலமே இல்லையே தாத்தா!” என்று வக்கீல் மாதிரி பேசுகிறான். பிரான்சில் இருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே கார் நாலு வயதானதும் பரிசோதனை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். இங்கே சொந்தக் காருக்கு 15 வருஷம் வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். இரண்டு முன் டயரும் அன்றைக்கே புதிது. லோயர் ஆர்ம் புஷ் விரிசல் விட்டிருந்தது, அதுவும் புதிது. பழைய புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்ப்பது ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது போல. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதற்குப் பதிலாக, நடுவில் புடைப்புள்ள கேம்பர் போல்ட், பக்கத்துக்கு ஒன்று. திருகினால் சக்கரத்தின் சாய்வு கொஞ்சம் மாறும். சாதா போல்ட்டைவிட இது ஒல்லியானது, அதனால் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்கவேண்டும்.

மெக்கானிக் தம்பி வண்டி லிஃப்டில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கப் போனார். நிறுத்தினேன். சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். “ஐயா எந்த கராஜ்ல இருந்தீங்க?” என்று கேட்டார். கிளார்க்காக இருந்தேன் என்றதை அவர் நம்பவில்லை.

கேம்பரை முதலில் வைத்து, டோவைக் கடைசியில் வைத்தார்கள். கேம்பரைத் தொட்டால் டோ நகரும் என்பதால் வரிசை அப்படித்தான். இடது சக்கரம் மைனஸ் 1 டிகிரி 40 நிமிஷத்திலிருந்து மைனஸ் 45 நிமிஷத்துக்கு வந்தது, வலதும் ஏறக்குறைய அதே அளவு. அச்சிட்ட தாளை வாங்கி என் கோப்பில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஜிப்மர் பயணத்தில் வண்டி இடது பக்கம் இழுக்கவில்லை என்றாள் தங்கை. ஆனால் இறங்கும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிட இன்னும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பழைய ஸ்பிரிங்குக்கு ஷோரூமில் விலை கேட்டு வைத்திருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.