ஆறு போச்சு, கார் வருது

டிஸ்னி பூங்காவுக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, ராட்டினம் ஏறி, கால் வலிக்க வீடு திரும்புகிற நம்மைப் போன்ற சாதாரண ஜனம் முதல் வகை. இரண்டாவது வகைக்கு ராட்டினம் முக்கியமில்லை. தட்டி கட்டி மறைத்திருக்கிறார்களே, அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். எத்தனை கிரேன் நிற்கிறது, பைல் இறக்கியாச்சா, இரும்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று கணக்கே வைத்திருப்பார்கள். கண்ணில் படக்கூடாததற்கெல்லாம் அடிக்கவென்றே டிஸ்னியிடம் ஒரு மங்கல் பச்சை வர்ணம் உண்டு. இவர்கள் கண் நேராக அந்தப் பச்சைக்குத்தான் போகும்.

என் அக்கா மகன் இரண்டாவது வகை. அக்கா குடும்பம் இருப்பது ஃப்ளோரிடாவில், தாம்பாவில். நான் புனேயில். கட்டட வரைபடம் போடுவது என் பிழைப்பு என்பதால், 2024-லிருந்து அவனுக்கு நான் சம்பளமில்லாத ஆலோசகர் :-)

விஷயம் இதுதான். 2024 ஆகஸ்ட் 10 அன்று, கலிஃபோர்னியாவின் அனஹைமில் நடந்த டி23 ரசிகர் விழாவில், ஆர்லாண்டோவில் இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு இரண்டு புதுப் பகுதிகளை அறிவித்தார்கள். ஒன்று டிஸ்னி வில்லன்களுக்கு, இன்னொன்று 'கார்ஸ்' படத்துக் கார்களுக்கு. அரங்கமே எழுந்து கத்தியது. சில நாளில் அடுத்த செய்தி வந்தது. கார்கள் ஓடப்போவது 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' ஆறு இருக்கிற இடத்தில். ஆறு, அதன் நடுவிலுள்ள டாம் சாயர் தீவு, தீவைச் சுற்றி வரும் நீராவிப் படகு, மூன்றும் காலி. கைதட்டின கூட்டம் அன்றைக்கே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

1971 அக்டோபரில் பூங்கா திறந்ததிலிருந்து இருந்த ஆறு அது. தீவு 1973-ல் திறந்தது.

இந்த ரசிகர்கள் மேடை அறிவிப்பை நம்புவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதே பூங்காவுக்கு 2017-ல் ஒரு நாடக அரங்கு அறிவித்தார்கள், வரவில்லை. 2019-ல் எப்காட்டுக்கு மேரி பாப்பின்ஸ் என்றார்கள், அதுவும் வரவில்லை. ஆகவே காகிதம் வந்தால்தான் நம்புவார்கள். தெற்கு ஃப்ளோரிடா நீர் மேலாண்மை வாரியத்துக்குப் போகும் விண்ணப்பம், ஆரஞ்சு கவுண்டியில் பதிவாகும் வேலை ஆரம்ப அறிவிப்பு, இதையெல்லாம் பஞ்சாங்கம் மாதிரி படிக்கிறார்கள். 2003-லிருந்து பூங்காவுக்கு மேலே 3,000 அடிக்குக் கீழ் விமானம் பறக்கத் தடை. அதற்கும் மேலே பறந்து, நீள லென்ஸ் போட்டுப் படமெடுத்து வருகிற ஆட்கள் இருக்கிறார்கள்!

"கார் விடறதுக்குத் தண்ணி வாரியத்துல எதுக்கு மாமா அனுமதி?" என்றான் பையன். அந்த இடம் அடிப்படையில் சதுப்பு நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். பூங்கா கட்டும்போது முன்னால் ஓர் ஏரியை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டித்தான் தரையை உயர்த்தினார்கள். ஜனங்கள் நடப்பது உண்மையில் மாடி. ஊழியர்கள் போய்வரும் சுரங்கவழிதான் கீழ்த்தளம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நீர்நிலையைத் தூர்த்தால், பெய்கிற மழை எங்கே போகும் என்று கணக்குக் காட்டியாக வேண்டும். இதைச் சொன்னபிறகு எனக்கு மரியாதை கூடியது.

சண்டை எதைப் பற்றி? கார் கட்சி கேட்பது: "பாதி காலியா ஓடுற படகுக்காக இவ்வளவு பெரிய இடத்தை வீணாக்கணுமா?" ஆற்றுக் கட்சி சொல்வது: "ஒண்ணுமே நடக்காத ஓர் இடம் பூங்காவுக்கு வேணும்." 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா மாதிரி கட்டிய லிபர்ட்டி ஸ்கொயரில் நின்றால் எதிரே ரேஸ் கார் தெரியுமா என்பது இன்னொரு பெரிய வழக்கு. பாறையும் மரமும் வைத்து மறைப்போம் என்கிறது நிர்வாகம்.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டை முன்னுதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. ஸ்டார் வார்ஸ் பகுதிக்காக அங்கே 2016 ஜனவரியில் ஆற்றை மூடினார்கள். அப்போதும் இதே ஒப்பாரி. 2017 ஜூலையில் திறந்தபோது புதுப் பாறை, அருவி என்று ஆறு அழகாகவே இருந்தது. அழுதவர்களிலேயே பலர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஆறு குட்டையானது, அவ்வளவுதான். இங்கே ஆறே இல்லை.

என் அக்கா எந்த ராட்டினத்துக்கும் கட்சி கட்டாதவள். இதில் மட்டும் ஆற்றுக் கட்சி. காரணம் அப்பா.

அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சியர். திருவையாற்றுப் பக்கம் மதகும் வாய்க்காலுமாகவே காலம் போனது. 2008-ல், வாழ்நாளில் ஒரே தடவை, அமெரிக்கா போனார். பூங்காவில் எதிலும் ஏற மாட்டேன் என்றவரை அந்தப் படகில் உட்கார வைத்திருக்கிறாள். ஏறின உடனே, "இதுக்குத் தலைப்பு எங்க, வடிகால் எங்க?" என்று கேட்டாராம். பாதி தூரத்தில், "மாலுமி சுக்கானைப் பிடிக்கறதே வேஷம். அடியில தண்டவாளம் இருக்கு" என்றாராம். உண்மைதான். நிஜ நீராவி எஞ்சின், ஆனால் தண்ணீருக்கடியில் ஒரு தண்டவாளம்தான் வழிகாட்டும். பொய் ஆறு என்று தெரிந்தும் அன்றைக்கு மூன்று சுற்று வந்திருக்கிறார். 2013-ல் அப்பா காலமானார். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அக்கா அந்தப் படகில் ஒரு தடவை ஏறுவாள், கீழ்த்தளத்தில் முன்பக்கமாக.

2025 ஜூலை 6 கடைசி நாள். "சாவு வீட்டுக் கூட்டமா இருக்கும், நான் வரலைடா" என்று என்னிடம் போனில் சொன்னாள். பையன் போனான். கார் கட்சிக்காரன், வில்லன்களுக்காக நாள் எண்ணுகிறவன், வெயிலில் நின்று அம்மாவுக்காக முழுச் சுற்றையும் படமெடுத்து வந்தான். அவள் அதை இன்னும் பார்க்கவில்லை.

பிறகு அவன் ஒரு வரைபடம் அனுப்பினான். புதுச் சாலைகள் அழுத்தமான கோட்டில். அடியில் வளைந்து வளைந்து ஒரு விட்டுவிட்டுப் போகும் கோடு. அது என்ன என்று கேட்டான். எங்கள் தொழிலில், எடுக்கப்போவதை அப்படித்தான் காட்டுவோம். "பழைய கரைடா" என்றேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

கட்டுமானம் பற்றி இவர்கள் இவ்வளவு பேசுவதை வெட்டி வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுசு வருகிற ஆசையும் பழசு போகிற வருத்தமும் ஒரே ஆளுக்குள் இருக்கும்போது, கிரேனை எண்ணிக்கொண்டுதான் இரண்டையும் சமாளிக்க முடிகிறது. ஊரைவிட்டு வந்த நமக்கும் இது தெரியாததா? "இதை ஏன் இடிச்சாங்க?" என்று ஊரில் போய்க் கேட்பது எப்போதும் நாம்தான். அங்கேயே இருக்கிறவனுக்கு அகலமான ரோடு வேண்டும். அவன் கேட்பதிலும் தப்பில்லை. 2070-ல் அந்தக் கார்களை எடுக்கப் போகிறார்கள் என்று யாராவது ஒரு கிழவர் அழுவார், அதுவும் நியாயமாகவே இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்வேன். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கோபுரத்தைப் படமெடுத்தது போதும், அது இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத படித்துறை, பாதி காலியாக ஓடுகிற டவுன் பஸ், அதையெல்லாம் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் ஒட்டினபிறகு போனால், வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.